கடன் கொடுத்தவரும் நட்டப்படட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வந்த பொருளாதாரக் கட்டுரையை ஆறுதலாக இருந்து வாசித்தேன். அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யு.எஸ்.எயிட் 2025 ஜூலையோடு மூடப்பட்டுவிட்டது, பிரித்தானியாவும் ஜேர்மனியும் உதவிப் பணத்தை வெட்டுகின்றன, ஆகவே வீதிக்கும் மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் இனித் தனியார் முதலீட்டாளரின் பணத்தைத்தான் நம்பவேண்டும், அரசாங்கம் வழிவிட்டு விலகி நிற்கவேண்டும் என்பது அதன் சாரம். உதவி வற்றிவிட்டது என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. மீள்குடியேற்றக் காலத்தில் ஏ9 வீதி நெடுக நின்ற நிறுவனப் பெயர்ப்பலகைகளில் இப்போது எத்தனை மிச்சம்? ஆனால் அதற்கு மேல் கட்டுரையாளர் சொன்னவற்றோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுநராகச் சேர்ந்து, முகாமையாளராக ஓய்வு பெற்றவள். கடன் கொடுப்பதும் அதை அறவிடுவதும்தான் என் தொழிலாக இருந்தது. தனியார் பணம் என்றதும் முகம் சுளிக்கிற ஆள் இல்லை. வட்டி வாங்குவது பாவம் என்றும் சொல்லமாட்டேன். கொடுத்த கடன் பிழைத்துப்போனால் நட்டம் யாருக்கு என்று மட்டும் கேட்பேன். அத்தனை நீளக் கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

தனியார் பணத்தை அபிவிருத்திக்கு இழுக்கும் யோசனை புதிதல்ல. 2015 இல் அடிஸ் அபாபாவில் ஐ.நா. நடத்திய நிதி மாநாட்டை ஒட்டி, உலக வங்கியும் மற்ற அபிவிருத்தி வங்கிகளும் ‘பில்லியனிலிருந்து ட்ரில்லியனுக்கு’ என்று ஒரு கோஷம் வைத்தன. அரச பணம் கொஞ்சம் முன்னால் போய் ஆபத்தைத் தாங்கும், பின்னால் தனியார் பணம் வெள்ளமாக வரும் என்பது கணக்கு. லண்டனில் உள்ள ஓ.டி.ஐ. ஆய்வு நிறுவனம் 2019 இல் எண்ணிப் பார்த்தது. அபிவிருத்தி வங்கிகள் போட்ட ஒவ்வொரு டொலருக்கும் பின்னால் வந்த தனியார் பணம் சராசரியாக 75 சதம். மிக வறிய நாடுகளில் 37 சதம். வெள்ளம் வரவில்லை. வந்த தண்ணீரும் திரும்பி ஓடுகிறது. 2022 முதல், வளர்முக நாடுகளின் அரசுகளுக்கு வெளிநாட்டுத் தனியார் புதிதாகக் கொடுத்த கடனைவிட, அவர்கள் வட்டியும் முதலுமாக வசூலித்தது ஏறக்குறைய 141 பில்லியன் டொலர் கூட என்று உலக வங்கியின் தலைமைப் பொருளியலாளர் இந்தர்மித் கில் 2024 கடைசியில் எழுதினார். உலக வங்கிக்குள் இருப்பவரே சொன்னது இது.

எங்கள் நாட்டுக் கதைக்கு வருவோம். 1997 இல் இலங்கை ‘கீழ் நடுத்தர வருமான நாடு’ ஆகிவிட்டது. பெருமைதான். ஆனால் அதோடு சலுகைக் கடன்கள் மெல்ல மெல்லக் குறையத் தொடங்கின. வறிய நாடுகளுக்கு உலக வங்கி கொடுக்கும் பழைய ஐ.டி.ஏ. சலுகைக் கடன் என்றால் 40 வருடத் தவணை, அதில் 10 வருடத்துக்கு முதல் தொகையைத் திருப்பிக் கட்டத் தேவையில்லை, சேவைக் கட்டணம் 0.75 வீதம். அந்த இடத்துக்கு 2007 ஒக்டோபரில் வந்தது முதலாவது சர்வதேச இறைமைப் பிணைமுறி, அதாவது அரசாங்கம் வெளிநாட்டு முதலீட்டாளரிடம் கடன் வாங்கும் பத்திரம்: 500 மில்லியன் டொலர், ஐந்து வருடத் தவணை, வட்டி 8.25 வீதம். அந்த நேரம் வன்னியில் நாங்கள் பங்கருக்கு மண்மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம். பிணைமுறி என்ற பேச்சே எங்கள் காதில் விழவில்லை. ஒன்று இரண்டாகி, இரண்டு பத்தாகி, 2022 இல் நாடு விழுந்தபோது இந்த வகைக் கடனின் முதல் மட்டும் 12.55 பில்லியன் டொலர்.

வட்டி ஏன் 8.25? ஆபத்தான நாடு, காசு திரும்பி வராமலும் போகலாம், அதற்குத்தான் கூடுதல் வட்டி என்று முதலீட்டாளர் சொல்வார். நியாயம். கடன் கொடுக்கிற எவரும் அப்படித்தான் யோசிப்பார். சரி, அந்த ஆபத்து உண்மையாகவே வந்து வாசலில் நின்றபோது என்ன நடந்தது?

2022 ஜனவரி 18. பால்மாவும் காஸும் கிடைக்காமல் சனம் அலைந்துகொண்டிருந்த நேரம். அன்றைக்கு முதிர்ந்த 500 மில்லியன் டொலர் பிணைமுறியை மத்திய வங்கி ஒரு சதம் குறையாமல் கட்டி முடித்தது. கட்டவேண்டாம், பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடுங்கள் என்று பொருளியலாளர்கள் பலர் சொல்லிப் பார்த்தார்கள். மூன்று மாதத்துக்குள், ஏப்ரல் 12 ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்துகிறோம் என்று அறிவிக்க வேண்டி வந்தது. மே மாதம், பாவிக்கக்கூடிய கையிருப்பு 50 மில்லியன் டொலரும் இல்லை என்று அப்போதைய நிதியமைச்சர் அலி சப்ரி பாராளுமன்றத்தில் சொன்னார். ஜனவரியில் கட்டியது அதன் பத்து மடங்கு. அந்தக் காசு கைவிட்டுப் போனதன் அர்த்தம் இரணைமடுக் குளத்துக்குக் கீழே வயல் செய்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். எரிபொருள் நிலையத்தில் விடிய விடிய கான்களை வரிசையில் வைத்துவிட்டு, காவலுக்குப் பிள்ளைகளை இருத்திவிட்டுப் போனார்கள். கான்களில் பெயர் எழுதி, கயிறு போட்டு ஒன்றோடொன்று கட்டியிருந்தார்கள்.

பிறகு நீதிமன்றக் கதை. 2022 ஜூலையில் முதிரவிருந்த ஒரு பில்லியன் டொலர் பிணைமுறியில் 250 மில்லியனுக்கு மேல் வாங்கி வைத்திருந்த ஹமில்டன் ரிசேர்வ் வங்கி, முழுக்காசும் வேண்டும் என்று நியூயோர்க்கில் வழக்குப் போட்டது. கரிபியன் கடலில் செயின்ட் கிட்ஸ் நெவிஸ் என்ற தீவு நாட்டில் பதிவான வங்கி அது. அந்த நாட்டின் சனத்தொகை கிளிநொச்சி மாவட்டத்தின் பாதிகூட வராது. எங்கள் பிணைமுறிகள் நியூயோர்க் சட்டத்தின் கீழ் எழுதப்பட்டவை என்பதும், ஒரு தொகுதியில் கால்பங்குக்கு மேல் கையில் வைத்திருப்பவர் மற்றவர்கள் ஒத்துக்கொண்டாலும் தடுத்து நிற்கலாம் என்பதும் அப்போதுதான் எங்களில் பலருக்குத் தெரிய வந்தது. கையெழுத்து வைத்தவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

2024 டிசம்பரில் பிணைமுறிக்காரரோடு உடன்பாடு முடிந்தது. முதல் தொகையில் 27 வீதம் விட்டுக்கொடுத்தார்கள் என்று தலைப்புப் போட்டீர்கள். ஆனால் 2022 இல் இதே பிணைமுறிகள் சந்தையில் டொலருக்கு முப்பது சதத்துக்குக் கீழேயும் கைமாறின. முப்பதுக்கு வாங்கியவர் எழுபத்துமூன்றுக்குப் புதுப் பத்திரம் வாங்கிக்கொண்டு போகிறார். அவர் விட்டுக்கொடுத்தது எதை? அதோடு அந்தப் புதுப் பத்திரங்களில் இன்னொரு கொக்கி உண்டு. 2025 முதல் 2027 வரை நாட்டின் மொத்த உற்பத்தி, டொலர் கணக்கில், எதிர்பார்த்ததைவிடப் பெருத்தால் நாங்கள் கூடுதலாகக் கட்டவேண்டும். 2024 இலேயே அது 99 பில்லியன் டொலரை எட்டிவிட்டது. டொலர் கணக்கு என்பதைக் கவனியுங்கள். 2022 இல் 360 ரூபா விற்ற டொலர் 300 க்கு இறங்கினாலே, ஒரு மூட்டை நெல்லும் கூட விளையாமல், எங்கள் பொருளாதாரம் தாளில் பெருத்துவிடும். உண்மையான வளர்ச்சியும் ஓரளவு இருக்கவேண்டும் என்ற நிபந்தனை இருந்தாலும், அந்தப் பெருக்கத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டு.

இதே காலத்தில் உள்நாட்டில் விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கேட்கப்பட்டவர்கள் யார்? ஊழியர் சேமலாப நிதி, அதாவது ஈ.பி.எஃப். கூட்டுறவுச் சங்க ஊழியருக்கு அரசாங்க ஓய்வூதியம் கிடையாது, எங்களுக்குப் பிரதானமாக இருப்பது இந்த ஈ.பி.எஃப்.தான். மாதச் சம்பளத்தில் எங்கள் 8 வீதம், சங்கத்தின் 12 வீதம். 2023 இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்று, அந்த நிதியின் கையிலிருந்த திறைசேரி முறிகளை, அதாவது அரசாங்கம் உள்நாட்டில் கடன் வாங்கிய பத்திரங்களை, குறைந்த வட்டி முறிகளாக மாற்றினார்கள். புதிய முறிகளுக்கு 2025 வரை 12 வீதம், அதன் பிறகு முதிரும்வரை 9 வீதம். மாற்றச் சம்மதிக்காவிட்டால் நிதியின் 14 வீத வருமான வரி 30 வீதமாகும் என்ற நிபந்தனையோடு. வங்கிகளிடம் இருந்த ரூபாத் திறைசேரி முறிகளைத் தொடவில்லை. அவர்கள் ஏற்கெனவே வரி கட்டுகிறார்களாம். என்னுடைய காசை நான் எடுத்துவிட்டேன். என் மகள் ஆடைத் தொழிற்சாலையில் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் எந்த நாட்டுக்கும் ஆபத்து வட்டிக்குக் கடன் கொடுக்கவில்லை. சட்டம் பிடித்து வைத்த சேமிப்பு அது.

இது மேல்மட்டம். கீழே எங்கள் ஒழுங்கைகளுக்குள் வந்த தனியார் நிதியைப் பற்றிக் கட்டுரையாளர் ‘நிதிச் சேவைகள் கிராமங்களைச் சென்றடைந்தன’ என்ற பாணியில் ஒரு பந்தியோடு கடந்து போகிறார். சென்றடைந்ததுதான். யுத்தம் முடிந்து ஏ9 திறந்த கையோடு லீசிங் கம்பனிகளும் நுண்கடன் கம்பனிகளும் வரிசையாக வந்தன. நெதர்லாந்தின் எஃப்.எம்.ஓ., உலக வங்கிக் குழுமத்தின் ஐ.எஃப்.சி. போன்ற அபிவிருத்தி நிதி நிறுவனங்கள் இந்த நாட்டின் இப்படிப்பட்ட கம்பனிகளுக்குக் கடன் கொடுத்திருக்கின்றன. அறிக்கைகளில் அதற்குப் பெயர் ‘பெண்களை வலுவூட்டல்’. எங்கள் ஊரில் அதற்குப் பெயர் கிழமைக் காசு.

எங்கள் சங்கத்து அங்கத்தவர் ஒருவர், கணவரை யுத்தத்தில் இழந்தவர், ஒருநாள் தன் தவணைப் புத்தகத்தைக் கொண்டுவந்து, ‘அக்கா, இதை ஒருக்கால் பாருங்கோ’ என்று மேசையில் வைத்தார். கம்பனியின் பெயரை இங்கே எழுதவில்லை. கடன் 50,000 ரூபா. வட்டி வருடத்துக்கு 24 வீதம், 12,000 ரூபா. மொத்தம் 62,000, கிழமைக்கு 1,192 ரூபா சொச்சம், 52 கிழமை. ஆவணக் கட்டணம், காப்புறுதி என்று முதல் நாளே கழித்துவிட்டுத்தான் காசைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். 24 வீதம் பெரிய வட்டி இல்லைத்தானே என்று கேட்டார். நான் கல்குலேட்டரை எடுத்துக் காட்டினேன். கிழமைக்குக் கிழமை முதல் குறைந்துகொண்டு போகிறது. வருடம் முழுக்கச் சராசரியாக அவர் கையில் இருந்தது 25,000 ரூபா அளவுதான். அந்த 25,000 க்கு 12,000 வட்டி. குறைந்துசெல்லும் மீதிக்குச் சரியாகக் கணக்குப் பார்த்தால் நாற்பது வீதத்தைத் தாண்டும், கழித்த கட்டணங்களைச் சேர்க்காமலே. புத்தகத்தின் எந்தப் பக்கத்திலும் அந்த இலக்கம் இல்லை.

அவர் அந்தக் காசில் கோழிக்கூடு போட்டிருந்தார். கோழி ஆறாம் மாதம்தான் முட்டை இடும், தவணை முதல் கிழமையே தொடங்கும். இடைப்பட்ட கிழமைகளுக்கு இன்னொரு கம்பனியிடம் கடன், அதைக் கட்ட மூன்றாவது கம்பனி. குழுவில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவேண்டும். ஆகவே ஒபிசர் வந்து நின்று சத்தம் போடத் தேவையில்லை, பக்கத்து வீட்டுப் பெண்ணே வந்து சத்தம் போடுவார். பிணையும் அறவீடும் குழுவின் தலையில். கம்பனிக்கு எந்தப் பக்கத்தால் நட்டம் வரும்?

ஐ.நா.வின் சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி 2018 இல் இங்கே வந்துபோனபோது, சில நுண்கடன்களின் வட்டி வருடத்துக்கு 220 வீதம் வரை போகிறது என்று பதிவு செய்தார். அதே வருடம் வடக்கிலும் கிழக்கிலும் பெண்கள் வீதிக்கு இறங்கிய பிறகு, வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட, கட்ட முடியாமல் நின்றுபோன கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்தது. வட்டிக்கு 35 வீத உச்சவரம்பும் வந்தது. நல்ல காரியம்தான். ஆனால் அந்தத் தள்ளுபடியின் சுமையில் ஒரு பகுதியைத் திறைசேரி தூக்கியது. அதாவது என்னிடமும் உங்களிடமும் வாங்கிய வரிப்பணம், கம்பனியின் பிழையான கடனை அடைக்கப் போனது. 2021 இல் ஹிங்குராக்கொடையில் சிங்களப் பெண்கள் வாரக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்ததும் இதே நுண்கடனுக்காகத்தான். தெற்கு வடக்கு என்று வித்தியாசம் பார்க்காத விஷயம் இந்த நாட்டில் இது ஒன்றுதான் போலிருக்கிறது.

சங்கத்தில் நாங்கள் எப்படிச் செய்தோம் என்று சொல்லவேண்டும். சிக்கன கடனுதவு சங்கத்தில் ஒருவர் மாடு வாங்கக் கடன் எடுத்து, மாடு நோயில் செத்துப்போனால், செயற்குழு அவரைக் கூப்பிட்டு விசாரிக்கும். தவணை நீட்டப்படும். அதற்கும் வழியில்லாவிட்டால் ஒதுக்கு நிதியிலிருந்து ‘அறவிட முடியாக் கடன்’ என்று கணக்கில் எழுதப்படும். அந்த வரி வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப்படும். யார் சிபாரிசு செய்தது, ஏன் கொடுத்தீர்கள் என்று அங்கத்தவர்கள் எழும்பிக் கேட்பார்கள். முகாமையாளர் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். கூட்டுறவில் குறையில்லை என்று நான் சொல்லவில்லை. கட்சிக்காரர் தலைவராக வந்து படுத்துப்போன சங்கங்களும், களவுபோன காசாளர் பெட்டிகளும் எனக்குத் தெரியும். பெரிய தொகை கொடுக்க எங்களிடம் காசும் இருந்ததில்லை. ஆனால் பிழையாகக் கடன் கொடுத்தால் அடி எங்களுக்கும் விழும் என்ற பயம் இருந்தது. அந்தப் பயத்தால்தான் கடன் விண்ணப்பத்தை ஒழுங்காக வாசித்தோம்.

காற்றாலை விஷயத்தையும் தொட்டுவிடுகிறேன், அது எங்கள் மாவட்டத்தோடு சம்பந்தப்பட்டது. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலை போட அதானி நிறுவனத்துக்கு, கேள்விமனு இல்லாமல், 20 வருடத்துக்கு அலகுக்கு 8.26 அமெரிக்கச் சதம் என்று 2024 மே மாதம் அமைச்சரவை ஒப்புக்கொண்டது. பறவைகள் வலசை வரும் பாதை, மீனவர் பிரச்சினை என்று மன்னார் மக்கள் எதிர்த்தார்கள். விலையை மறுபரிசீலனை செய்யப் புதிய அரசாங்கம் தொடங்கியதும் 2025 பெப்ரவரியில் நிறுவனம் தானாக விலகிக்கொண்டது. அதே மன்னாரில் 50 மெகாவாட்டுக்குக் கேள்விமனு போட்டுக் கிடைத்த விலை 4.65 சதம். இரண்டும் தனியார் பணம்தான். மற்றவரோடு போட்டி போட்டு வந்த பணத்துக்கும் கதவைச் சாத்திக்கொண்டு பேசி வந்த பணத்துக்கும் உள்ள வித்தியாசம் அலகுக்கு மூன்றரைச் சதத்துக்கு மேல். அந்த ஒப்பந்தம் நடந்திருந்தால் 20 வருடத்துக்கு அதைக் கட்டியிருக்கவேண்டியவர்கள் மின்சாரப் பட்டியல் வாங்குகிற நாங்கள். காற்று அடித்தாலும் அடிக்காவிட்டாலும் மன்னார் மீனவர்களின் நட்டம் எந்தப் பட்டியலிலும் வராது.

அப்படியானால் என்ன செய்யச் சொல்கிறாய் என்று கட்டுரையாளர் கேட்கலாம். செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். கிரெனடா என்ற சின்னத் தீவு 2015 இல் தன் கடனை மறுசீரமைத்தபோது, சூறாவளி அடித்தால் தவணையைத் தள்ளிப்போடலாம் என்ற வாசகத்தைப் பிணைமுறிக்குள் எழுதுவித்தது. 2024 ஜூலையில் பெரில் சூறாவளி அடித்தது. அந்த வாசகத்தைக் காட்டித் தவணையைத் தள்ளிப்போட்டார்கள். தனியார் முதலீட்டாளரும் ஒத்துக்கொண்டுதான் கையெழுத்து வைத்திருந்தார்கள், யாரும் ஓடிப்போகவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் எங்கள் நாட்டைப் புரட்டிப் போட்ட பிறகு இந்த வாசகம் எவ்வளவு பெறுமதியானது என்று விளக்கவேண்டிய தேவையில்லை. இனி எந்தப் பிணைமுறி வெளியிட்டாலும் இது இல்லாமல் வெளியிடக்கூடாது. அபிவிருத்தி நிதி நிறுவனங்கள் நுண்கடன் கம்பனிகளுக்குக் காசு கொடுப்பதென்றால், உண்மையான வட்டி வீதத்தைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடச் சொல்லி நிபந்தனை போடட்டும். தள்ளுபடி வந்தால் அதில் தாங்களும் பங்கெடுக்கட்டும். மின்சாரம், தண்ணீர் ஒப்பந்தங்களைக் கையெழுத்துக்கு முன் பாராளுமன்றத்தில் வைக்கட்டும், பிறகு அல்ல.

வடக்குக்கு வரவிருப்பதாகக் கட்டுரையாளர் சில முதலீட்டுத் திட்டங்களைப் பட்டியல் போட்டிருந்தார். அவரிடம் ஒரு வேண்டுகோள். அவற்றில் ஏதாவது ஒன்றின் ஒப்பந்தத்தை எடுத்து, திட்டம் நட்டத்தில் போனால் முதலீட்டாளர் தாங்கும் பங்கு எவ்வளவு, அரசாங்கம் தாங்கும் பங்கு எவ்வளவு என்று எழுதியிருக்கும் பந்தியை உங்கள் பத்திரிகையில் அப்படியே போடச் சொல்லுங்கள். அப்படி ஒரு பந்தி இல்லையென்றால், இல்லை என்று போட்டாலும் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்க முகாமையாளர்,
கிளிநொச்சி.